காற்றும் பாயும்: வாசகர் கேள்வி – பதில்

எல்லோருக்கும் ஒரே அச்சில் வார்த்த படகு என்றால் போட்டியில் பார்க்க என்ன இருக்கிறது? வள்ள ஓட்டத்தில் வள்ளம் கட்டியவரின் கைத்திறனும் சேர்ந்தல்லவா வெல்கிறது?
– வாசகர், முள்ளியவளை

வள்ள ஓட்டத்தில் நீங்கள் சொல்வது சரி. ஒரே வடிவப் படகில் கட்டியவரின் பங்கு முதலிலேயே எல்லோருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டுவிடுகிறது. மிச்சம் இருப்பது ஓட்டுபவரின் உடம்பும் கண்ணும், பாயை இழுத்துக் கட்டும் நான்கு கயிறுகளும்தான்.

லேசரை எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவின் புரூஸ் கேர்பி 1969இல் வரைந்து, 1971இல் விற்பனைக்கு வந்த ஒற்றை ஆள் படகு இது. 2019 முதல் 'ஐ.எல்.சி.ஏ.' என்ற பெயரில் கட்டப்படுகிறது. 1996 அட்லாண்டாவிலிருந்து ஒலிம்பிக் போட்டி வகுப்பாக இருக்கிறது; 2008 பெய்ஜிங்கிலிருந்து பெண்களுக்குத் தனி வகுப்பும் உண்டு. நீளம் 4.2 மீற்றர், வெற்றுடல் (பாயும் மரமும் பூட்டாத படகு) நிறை சுமார் 59 கிலோ. படகின் உடலைத் தேய்த்து வடிவம் மாற்றக்கூடாது. பாயும் பாய்மரத் துண்டுகளும் உரிமம் பெற்ற தயாரிப்பாளரிடமிருந்தே வரவேண்டும். உங்கள் ஊர்த் தையற்காரர் தைத்த பாயில் பழகலாம், போட்டிக்கு இறக்க முடியாது. இந்தக் கண்டிப்பால்தான் பழைய படகோடு வரும் பிள்ளைக்கும் புதிய படகோடு வரும் பிள்ளைக்கும் ஒரே கோட்டில் நிற்க முடிகிறது. எனக்கு இந்த நியாயம் பிடிக்கும்.

எங்கள் இளைஞர் கழகத்துக்குப் பழைய லேசர் இரண்டு விலைக்கு வருகிறது. வெளிப்பார்வைக்கு வெள்ளையாகப் பளபளக்கின்றன. எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், அளம்பில்

பளபளப்பைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் தூக்கிப் பாருங்கள், முடிந்தால் தராசில் வையுங்கள். வெற்றுடல் 59 கிலோவுக்குப் பதில் 64, 65 காட்டினால் உள்ளே தண்ணீர் தங்கியிருக்கிறது, அல்லது யாரோ கண்டபடி பைபர் பூசியிருக்கிறார்கள். இரண்டுமே பேரம் பேசவேண்டிய குறைகள்.

அடுத்தது பாய்மரக் குழி. இந்தப் படகில் கெட்டால் ஆக மோசமானது இதுதான். மேற்தட்டிலிருந்து கீழே இறங்கும் குழாயில் மரம் செருகப்படுகிறது. மரத்தைத் தாங்க வேறு கம்பியோ கயிறோ கிடையாது. காற்றின் முழு நெம்பும் அந்தக் குழாயின் மேல்விளிம்பிலும் அடியிலும்தான் விழும். குழியை விளிம்புவரை தண்ணீரால் நிரப்பி அரைமணி நேரம் விடுங்கள். மட்டம் இறங்கினால் அடி வெடித்திருக்கிறது. அப்படியே ஓட்டினால் பலமான காற்றுள்ள ஒரு நாளில் மரம் மேற்தட்டைப் பிய்த்துக்கொண்டு போகும்.

இது திருத்தக்கூடிய குறைதான். குழிக்குப் பக்கத்தில் மேற்தட்டில் வட்டத் துளை வெட்டி, கையை உள்ளே விட்டு, குழாயின் அடியைச் சுற்றிப் பழையதைச் சுரண்டிச் சுத்தமாக்கி, நன்றாக உலரவிட்டு, கண்ணாடி இழைப் பட்டியை எபொக்சியில் தோய்த்து மூன்று நான்கு சுற்று ஒட்டவேண்டும். பிறகு துளைக்குத் திருகு மூடி போடுங்கள். நம் கரையோரத்தில் மீன்பிடிப் படகு திருத்துவோர் வழக்கமாகப் பாவிப்பது பொலியெஸ்டர் பிசின். இந்த இடத்துக்கு அது வேண்டாம். இறுகிப்போன பழைய பைபரில் எபொக்சி அளவுக்கு அது பிடிக்காது. குழி கெடுவதற்கு மணலும் ஒரு காரணம்: மரத்தின் அடியில் ஒட்டிய மணல் ஒவ்வொரு திருப்பத்திலும் அரம்போல அராவும். மரத்தைச் செருகுமுன் அடியைக் கழுவுவதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே பழக்குங்கள்.

பிறகு மேற்தட்டில் முழங்காலை ஊன்றி நகருங்கள். 'நொளுக்'கென்று அமுங்கும் இடத்தில் உள்ளே இழை பிரிந்திருக்கிறது. மற்றக் கசிவுகளைப் பிடிக்க, விளிம்பு மூட்டு, சுக்கான் பிடிகளின் திருகு, நடுப்பலகை (படகின் நடுவே தண்ணீருக்குள் இறக்கும் பலகை) செருகும் கூடு, தண்ணீர் வெளியேற்றி ஆகிய இடங்களில் சவர்க்காரத் தண்ணீர் பூசி, பின்பக்க வடிதுளையில் ஒரு குழாயைப் பிடித்து வாயால் ஊதுங்கள். நுரை எழும் இடம் கசிகிறது. டயருக்குக் காற்றடிக்கும் கொம்பிரஸரை வைக்கவே வேண்டாம், மூட்டு பிளந்துவிடும்.

அலுமினிய மரம் இரண்டு துண்டு. மேல்துண்டைச் சமதரையில் உருட்டிப் பாருங்கள். துள்ளி உருண்டால் நிரந்தரமாக வளைந்துவிட்டது. இரு துண்டும் சேரும் இடத்து வளையத்தில் ஒரு றிவெற் இருக்கும். அந்தத் துளையில்தான் உப்பு அரித்து, மேல்துண்டு முறியும். காற்றில் மரம் முன்பக்கம் புடைத்து வளைவதால் முன்முகம் இழுபடும், பின்முகம் நெரிபடும். வெடிப்பு தொடங்குவது இழுபடும் முகத்தில். ஆகவே றிவெற் பின்பக்கம் பார்க்கும்படி செருகுங்கள்.

எங்கள் பிள்ளைகளின் நிறை 45 கிலோ முதல் 80 கிலோ வரை. எல்லோருக்கும் ஒரே படகு சரிவருமா?
– ஆசிரியை, விசுவமடு

சரிவரும். படகின் உடலும், பூமும் (பாயின் அடியில் நீளும் குறுக்குத் தடி), மரத்தின் மேல்துண்டும் ஒன்றே. கீழ்த்துண்டும் பாயும் மட்டும் மாறும். 4.7 சதுர மீற்றர்ப் பாய் ஏறக்குறைய 50 கிலோ வரையானவர்களுக்கு, 5.76 சதுர மீற்றர்ப் பாய் 55 முதல் 70 வரை, 7.06 சதுர மீற்றர்ப் பாய் 75க்கு மேல். இடைப்பட்டவர்கள் அன்றைய காற்றைப் பார்த்து முடிவெடுக்கட்டும். 12 வயதுக்குக் கீழ் என்றால் லேசரில் ஏற்றாமல் ஒப்ரிமிஸ்ரில் தொடங்குங்கள், 35 கிலோ நிறையுள்ள பெட்டிப் படகு அது.

சோழகம் (தென்மேற்குக் காற்று) கிளம்பினால் படகு சரிந்து, டில்லர் (சுக்கானைத் திருப்பும் தடி) கையைப் பிடுங்குகிறது, வேகமும் விழுகிறது. சுக்கானில் பிழையா?
– வாசகர், கொக்கிளாய்

சுக்கான் தகடு முழுதாக இறங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆழமில்லாத தரவைக் கடலில் அடி தட்டிச் சற்றே மேலெழுந்திருந்தாலும் டில்லர் இரட்டிப்புப் பாரமாகும். சாதாளை (கடற்புல்) சுற்றியிருந்தாலும் அப்படித்தான்.

அது சரியாக இருந்தால் குற்றம் சரிவில்தான். படகு சரிந்தவுடன் அணியம் (படகின் முன்முனை) தானாகக் காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்கச் சுக்கானைக் குறுக்கே பிடிப்பீர்கள், குறுக்கே நிற்கும் சுக்கான் தண்ணீரைத் தள்ளும் பலகை. வேகம் போவது அங்கேதான். ஆகவே படகைத் தட்டையாக வைத்திருப்பதே வேலை.

கரையில் இருக்கும்போதே பின்தட்டுக் குறுக்குக் கயிற்றை, டில்லரில் உரசும் அளவுக்கு இறுக்குங்கள். ஓட்டத்தில், பூமின் கப்பி கீழ்க் கப்பியோடு முட்டும்வரை பாய்க்கயிற்றை இழுத்து, அப்போது பூம் தாழ்த்திக் கயிற்றில் உள்ள தொய்வை எடுங்கள். நடுத்தரக் காற்றுக்கு அது போதும். காற்று ஏற ஏற அந்தக் கயிற்றை இன்னும் இறுக்குங்கள். பாய்க்கயிற்றை இளக்கினாலும் பூம் மேலே எழாமல் பக்கவாட்டில் மட்டும் போகும், மரம் வளைந்து பாயின் வயிறு தட்டையாகும். அடுத்தது பாயின் முன்விளிம்புக் கயிறு: அது மாட்டிய பாய்த்துளை பூமைத் தொடும்வரை இழுக்கத் தயங்கவேண்டாம். கடைசியாக அடிவிளிம்பு. நடுத்தரக் காற்றில் பாய்க்கும் பூமுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி, பலத்த காற்றில் நாலு விரல்.

இவ்வளவும் செய்துவிட்டு, வீச்சு வரும்போது உடம்பை வெளியே எறிந்து பாய்க்கயிற்றை ஓரடி விடுங்கள், தணியும்போது இழுங்கள். சரிந்தபின் விடுவதில் பயனில்லை. தண்ணீர் கறுத்து வருவதைக் கண்டதும் கை தயாராக இருக்கவேண்டும்.

ஒரு எச்சரிக்கை. காற்றை முதுகில் வாங்கத் திரும்புமுன் பூம் தாழ்த்திக் கயிற்றை இளக்குங்கள். மறந்தால் பூம் நுனி தண்ணீரில் குத்திப் படகைக் கவிழ்க்கும். அதற்காக அறவே விட்டாலும் பாயின் தலை மரத்துக்கு முன்னால் முறுக்கிக்கொண்டு, படகை உங்கள் தலைமேல் உருட்டும்.

சில வேளை படகு திடீரென்று பறக்கிறதே, ஏன்?
– மாணவன், பூநகரி

தண்ணீரை விலக்கி ஓடும்வரை படகின் வேகத்தை அதன் நீர்க்கோட்டு நீளம் கட்டிவைத்திருக்கும். லேசரில் அது 3.81 மீற்றர், எல்லை மணிக்கு ஏறக்குறைய 4.7 கடல் மைல். அதற்குமேல் தானே எழுப்பிய அலைமேட்டில் ஏறவேண்டும். படகு பாரமென்றால் ஏறாது. லேசரின் பின்பாதி தட்டை, உடலும் இலேசு. பக்கக்காற்று மணிக்கு 12 கடல் மைலைத் தாண்டினால் மேட்டில் ஏறி வழுக்கத் தொடங்கும். அந்த நொடியில் உடம்பைப் பின்னே நகர்த்தி, பாயை இரண்டு இழுப்பு இழுத்து, நடுப்பலகையைப் பாதி தூக்கினால் ஓட்டம் நிலைக்கும்.

நந்திக்கடலில் கவிழ்ந்தால் மரநுனி சேற்றில் குத்தி நிற்கிறது. எப்படி நிமிர்த்துவது?
– வாசகர், வற்றாப்பளை

நடுப்பலகையின் நுனியில் ஏறி ஆட்டாதீர்கள்; பலகை முறியும் அல்லது மரம் வளையும். பாய்க்கயிற்றையும் பூம் தாழ்த்திக் கயிற்றையும் முழுதாக விடுங்கள். அணியத்தைப் பிடித்துக் காற்றுக்கு நேரே திருப்பி, மரம் கிடக்கும் திசைக்கு எதிராக உடலை இழுத்தால் நுனி போன வழியே வெளியே வரும். பிறகு பலகையின் மேல், அது படகோடு சேரும் இடத்தில் ஏறி நின்று விளிம்பைப் பிடித்துச் சாயுங்கள். மரம் குழியிலிருந்து நழுவாதபடி ஒரு கயிறு கட்டியே இறங்குங்கள், பாதி நழுவிய மரம் குழியின் விளிம்பை உடைக்கும்.

முல்லைத்தீவுக் கரையில் எந்தக் காலம் பழக நல்லது?
– வாசகர், புதுக்குடியிருப்பு

சோழகத்தில் கடல் கரையோரம் அமைதியாகத் தெரியும். ஆனால் அது தரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று. கவிழ்ந்த படகு நிமிடத்துக்கு நிமிடம் வெளியே போகும். மோட்டர் படகு ஒன்று கூட நிற்காமல் அந்த மாதங்களில் கடலில் இறக்கக்கூடாது, களப்புக்குள் பழகுங்கள். வாடையில் காற்று கரைக்கு வீசினாலும் அலை உடையும், முகத்துவாரம் வெட்டியிருந்தால் வெள்ளம் இழுக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட பங்குனி, சித்திரையில் பின்னேரக் கடற்காற்றே புதியவர்களுக்கு ஏற்றது.