ஹட்டனில் இருந்துகொண்டு ஒரு லினக்ஸ் டெஸ்க்டொப் பதிப்புக்குப் பொறுப்பேற்க முடியுமா?

லினக்ஸ் விநியோகம் ஒன்றின் எக்ஸ்எஃப்சிஇ (இலகுவான டெஸ்க்டொப் சூழல் ஒன்று) பதிப்பைக் கவனித்து வந்தவர் விலகிவிட்டார், புது ஆள் தேடுகிறார்கள், ஹட்டனில் இருக்கும் நான் முன்வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. ஆனால் டெஸ்க்டொப்பை அழகுபடுத்தும் ஆசை மட்டும்தான் என்றால் வேண்டாம். எக்ஸ்எஃப்சிஇ தன் போக்கில்தான் வரும்: 4.16 வந்தது 2020இல், 4.18 2022இல், 4.20 2024இல். விநியோகமோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியிடும். ஆகவே பல வெளியீடுகளில் டெஸ்க்டொப் அதேதான். அடியில் கேர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), ஒலி, உள்நுழைவுத் திரை மாறியிருக்கும். அவை உரசும் இடங்களைச் சரிபார்ப்பதுதான் உங்கள் வேலை.

முதலில் திறந்து பார்க்க வேண்டியது மெட்டா பேக்கேஜ். அதில் நிரல் எதுவும் இராது, எவையெவை நிறுவப்பட வேண்டும் என்ற பட்டியல்தான். டெபியன் வழி வந்த விநியோகம் என்றால் ‘டிபென்ட்ஸ்’ (கட்டாயம் வேண்டியவை) வரியில் எது, ‘ரெக்கமென்ட்ஸ்’ (பரிந்துரைப்பவை) வரியில் எது என்று பாருங்கள். பாட்டுக் கேட்கும் செயலியை முதல் வரியில் போட்டுவைத்தால், பயனர் அதை நீக்கும்போது மெட்டா பேக்கேஜும் கூடவே போய்விடும். அடுத்த முறை ஓட்டோரிமூவ் (தேவையற்ற பேக்கேஜ்களை நீக்கும் கட்டளை) பாதி டெஸ்க்டொப்பைத் தேவையற்றது என்று காட்டக்கூடும். வாசிக்காமல் என்டர் தட்டுபவர்கள்தான் அதிகம். பனல், அமர்வு, சாளர மேலாளர், கோப்பு மேலாளர் மட்டும் டிபென்ட்ஸில் இருக்கட்டும்.

அடுத்து இயல்பு அமைப்புகள். நீங்கள் மாற்றும் பனல் ஒழுங்கு பழைய பயனரிடம் போய்ச் சேராது. அவருடைய ஹோம் அடைவில் இருப்பதே வெல்லும். அதனால் ஒவ்வொரு சோதனைக்கும் புதுப் பயனர் கணக்கு திறக்க வேண்டும். ‘என் கணினியில் சரியாகத்தானே இருக்கிறது’ என்ற வாக்குவாதங்கள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்கும்.

டேட்டா செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம், தினமும் ஐஎஸ்ஓ (முழு நிறுவல் கோப்பு) இறக்காமல் இருந்தால் போதும். மெய்நிகர் கணினி மென்பொருளான கியூஇஎம்யூவில் 2 ஜிபி ரேம், 25 ஜிபி வட்டு கொடுத்து ஒருமுறை நிறுவி ஸ்னெப்ஷொட் (அந்த நிலையின் பதிவு) எடுத்துவையுங்கள். பிறகு மாறிய பேக்கேஜ்களை மட்டும் புதுப்பித்துச் சோதித்து, பழைய நிலைக்குத் திரும்பலாம். நிரல் இருக்கும் கிட் களஞ்சியத்தை டெப்த் 1 கொடுத்து, அதாவது கடைசி நிலையை மட்டும், குளோன் செய்யுங்கள். பிழை எப்போது நுழைந்தது என்று பைசெக்ட் செய்ய (பழைய மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேட)த்தான் முழு வரலாறு தேவைப்படும். ஐஎஸ்ஓ வேண்டியது கடைசி வாரத்தில். புதிய கணினிகள் தொடங்கும் முறையான யூஇஎஃப்ஐயில் நிறுவல், பழைய பயோஸ் நிறுவல், குறியாக்கிய வட்டு, முந்தைய பதிப்பிலிருந்து மேம்படுத்தல் எல்லாம் அப்போது. வைஃபை, சஸ்பெண்ட், வெளிச்ச விசைகளின் கோளாறு மெய்நிகர் கணினியில் தெரியாது. அதற்குப் பழைய லெப்டொப் ஒன்று தேடிக்கொள்ளுங்கள்.

உபுண்டுவும் ஃபெடோராவும் ஏப்ரல், ஒக்டோபரை ஒட்டித்தான் வெளியிடுகின்றன. நம் மலைப்பக்கம் பின்னேர இடிமழைக்கும் அதுதான் காலம். உங்கள் விநியோகமும் அந்த நாட்காட்டியில் ஓடினால் நிறுவல் சோதனைகளைக் காலையிலேயே முடியுங்கள். இடி தொடங்கினால் பிளக்கோடு சேர்த்து ரௌட்டரின் டெலிபோன் வயரையும் கழற்றுங்கள், மின்னல் அந்த வழியாலும் வரும். கரண்ட் போனாலும் வெளியீடு நிற்கக் கூடாது என்றால், பதிவேற்ற உரிமை உள்ள இன்னொருவர் வேறு ஊரில், முடிந்தால் வேறு நாட்டில் இருக்க வேண்டும்.

இணையக் கூட்டத்துக்கு 15:00 யூடிசி (உலகப் பொது நேரம்) கேளுங்கள், நமக்கு இரவு 8.30. 19:00 என்றால் நள்ளிரவு தாண்டி 12.30.

தமிழ் இடைமுகத்தை 1366க்கு 768 திரையில் ஓட்டிப் பாருங்கள். பொத்தான்களில் எழுத்து வெட்டுப்படும் இடங்கள் ஆங்கிலத்தில் வேலை செய்பவர் கண்ணில் படாது. ரெங்கநாதன் என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பு புதுக் கணக்கில் தட்டுப்படுகிறதா என்றும் பாருங்கள்.

முன்வரும் அஞ்சலில் வேலண்டுக்கு (திரையில் சாளரங்களைக் காட்டும் புதிய முறை) மாற்றித் தருகிறேன் என்று எழுதிவிடாதீர்கள். எக்ஸ்எஃப்சிஇ 4.20இல் வேலண்ட் ஆதரவு சோதனை நிலையில்தான் இருக்கிறது. எக்ஸ்எஃப்டபிள்யூஎம் சாளர மேலாளர் அதில் வேலண்டுக்கு மாற்றப்படவில்லை. வாரம் எத்தனை மணி நேரம் தர முடியும், எதைச் செய்ய மாட்டீர்கள் என்று எழுதுங்கள். விலகியவரிடம் இருந்த பதிவேற்ற உரிமை, தானியங்கிச் சோதனைக் கணக்கு, இணையதளக் கடவுச்சொல் இப்போது யாரிடம் என்றும் கேளுங்கள். இரண்டாம் ஆள் கிடைக்காவிட்டால், இந்த வெளியீட்டுக்குச் சோதனை ஒருங்கிணைப்பை மட்டும் ஏற்கிறேன் என்று எழுதி அனுப்புங்கள்.