எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டுகிறது. கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டுமா?

இறக்காதீர்கள். இந்த வார இறுதி வரைக்குமாவது பொறுங்கள்.

உங்களுடையது 1990-களின் தொடக்கத்தில் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர் எஞ்சின் என்கிறீர்கள். என்னிடம் இருப்பதும் அதேதான். உங்கள் மெக்கானிக் சொன்னதையே என் மெக்கானிக்கும் சொன்னார்: "கிராங்கின் பின்பக்க சீல் போய்விட்டது." அதாவது, எஞ்சினின் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்ட் பின்னால் வெளியே வரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் வளையம். நம்பினேன். கியர்பாக்ஸ் இறங்கியது, புது சீல் ஏறியது, பணமும் போனது. இரண்டே வாரத்தில் அதே இடத்தில் அதே சொட்டு.

பிறகுதான் புத்தி வந்து டார்ச்சோடு பானெட்டுக்குள் தலையை விட்டேன். இந்தக் காரில் எஞ்சின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கிறது. சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில், கேபின் தடுப்புத் தகட்டை ஒட்டி, கை நுழையவே யோசிக்கும் இடுக்கில் கேம் ஆங்கிள் சென்சார் (வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டின் சுழற்சியைக் கவனிக்கும் கருவி) இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு சின்ன ரப்பர் ஓ-ரிங். வருடக்கணக்காகச் சூட்டில் வெந்து அது இறுகிப்போகிறது. அங்கே கசியும் ஆயில் எஞ்சினின் முதுகு வழியாக இறங்கி, கியர்பாக்ஸ் கூட்டின் மேல் வழிந்து, அடியில் போய்ச் சொட்டுகிறது. கீழே படுத்துப் பார்ப்பவர் கண்ணுக்கு அது சீல் கசிவுபோலவேதான் தெரியும்.

ஆயில் தானாக மேலே ஏறாது. ஆகவே கூட்டின் மேற்புறத்தைத் தடவிப் பாருங்கள். அங்கே பிசுபிசுப்பு இருந்தால் கசிவு பெரும்பாலும் அதற்கும் மேலேதான். சந்தேகம் இருந்தால் டீகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் திரவம்) போட்டு எஞ்சினின் பின்பக்கத்தைச் சுத்தமாகத் துடைத்துக் காயவிட்டு, கொஞ்சம் டால்கம் பவுடரைத் தூவிவிட்டு, எஞ்சினை நன்றாகச் சூடேறும்வரை ஓடவிடுங்கள். வெள்ளைப் பவுடரில் முதல் பழுப்புக் கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் இடம். சாலையில் வேகமாக ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் காற்று ஆயிலை எங்கெங்கோ இழுத்துவிட்டிருக்கும், ஒன்றும் புரியாது.

ஓ-ரிங் மாற்றுவது எளிது, கை நுழைப்பதுதான் கஷ்டம். எஞ்சின் ஆறியபின் சென்சார் இருக்கும் நிலையை ஹெட்டின் மேல் ஒரு கோடு கீறிக் குறித்துக்கொள்ளுங்கள். இதைத் தவறவிட்டால் இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்) மாறிவிடும். கனெக்டரைப் பிரித்து, 12 மில்லிமீட்டர் போல்ட்டைக் கழற்றி, லேசாகத் திருகியபடி வெளியே இழுங்கள். என் பழைய ஓ-ரிங்கைக் கத்திமுனையால் நெம்பியபோது அது ரப்பராகவே இல்லை. பிளாஸ்டிக் வளையல்போல் 'டிக்' என்று இரண்டாக உடைந்தது. உருண்டையாக இருந்திருக்க வேண்டிய வெளிப்பக்கம் தேய்ந்து தட்டையாகியிருந்தது. ஒரு வளையலுக்காகவா கியர்பாக்ஸை இறக்கினோம் என்று சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். புதியதற்கு ஆயில் தடவி, கோட்டுக்கு நேராகப் பொருத்துங்கள். முடிந்தால் பிறகு டைமிங் லைட் வைத்துச் சரிபாருங்கள்.

அதோடு வால்வு கவர் கேஸ்கெட்டையும் (சிலிண்டர் ஹெட்டின் மேல்மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் பட்டை) பாருங்கள். இந்த வயதுக் கார்களில் இரண்டும் சேர்ந்தே கசிவது சகஜம். அதை மாற்றினால் கேஸ்கெட்டின் வளைவுகள் நேர்க்கோட்டைச் சந்திக்கும் மூலைகளில் மட்டும் துளி சீலன்ட் போதும். கவர் போல்ட்டுகளுக்கு 5 முதல் 9 நியூட்டன் மீட்டர் இறுக்கம், அவ்வளவுதான். கசிகிறதே என்று ஓங்கி இறுக்குபவர்கள்தான் கேஸ்கெட்டைப் பிதுக்கி, போல்ட்டின் மரையையும் உருவிவிடுகிறார்கள். பிசிவி வால்வை (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் சின்ன வால்வு) கழற்றிக் குலுக்குங்கள், கலகலவென்று சத்தம் வர வேண்டும். அது அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி, புது சீலையும் தாண்டி ஆயில் வெளியே வரும்.

மேலே எல்லாம் உலர்ந்திருந்து, கூட்டின் உள்ளிருந்து மட்டும் எஞ்சின் ஆயில் வந்தால் உங்கள் மெக்கானிக் சொல்வது சரி. அப்போது இறக்குங்கள், இறக்கிய கையோடு கிளட்சையும் பார்த்துவிடுங்கள், அதற்காக மறுபடி ஒருமுறை இறக்க மனம் வராது.