மார்ஃபின் அளவு கூடினால் அடிமையாகிவிட்டார் என்று அர்த்தமா?

கேள்வி: அப்பாவுக்குப் புற்றுநோய் எலும்பு வரை பரவியிருக்கிறது. வலிக்கு மார்ஃபின் மாத்திரை சாப்பிடுகிறார். ஆரம்பத்தில் வலியைத் தணித்த அளவு இப்போது போதவில்லை. இரண்டு முறை கூட்டியாகிவிட்டது. ஒருநாள் மாத்திரை தீர்ந்துபோய் வியர்வை, வயிற்றுப்போக்கு, நடுக்கம் என்று தவித்துவிட்டார். அடிமையாகிவிட்டாரா? நிறுத்திவிடட்டுமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அவர் அடிமையாகவில்லை.

மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பு செல்களின் மேல் 'மியூ' எனப்படும் ஓபியாய்டு (மார்ஃபின் வகைப் பொருள்) ஏற்பிகள் இருக்கின்றன. உடலே சுரக்கும் வலிதணிப்பியான எண்டார்ஃபின் வந்து ஒட்டும் இடம் அது. மார்ஃபினும் அங்கேதான் ஒட்டிக்கொண்டு வலிச் செய்தியை அடக்குகிறது. ஆனால் எண்டார்ஃபின் சீக்கிரம் சிதைந்துவிடும். மார்ஃபின் மணிக்கணக்கில் நிற்கும். நாள்தோறும் இப்படித் தூண்டப்படும் ஏற்பிகள் மெல்ல மந்தமாகிவிடும். பழைய அளவு போதாமல் போக இது ஒரு காரணம். நோய் முற்றி வலியே கூடியிருக்கவும் வாய்ப்புண்டு, அதையும் உங்கள் மருத்துவர் பார்க்கட்டும். (மார்ஃபினால் வரும் மலச்சிக்கல் மட்டும் எத்தனை நாளானாலும் பழகாது. மலமிளக்கியை விட்டுவிடாதீர்கள்.)

சரி, அந்தத் தவிப்பு ஏன்? மூளைத்தண்டில், உடலை உசுப்பிவிடும் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களை மார்ஃபின் அடக்கி வைக்கிறது. அவை அதற்கு ஈடுகொடுக்க உள்ளுக்குள் வேகத்தைக் கூட்டிக்கொள்கின்றன. மருந்து திடீரென்று நின்றதும் அந்த வேகம் முழுக்க வியர்வை, நடுக்கம் என்று வெளிப்படும். சில வாரங்கள் தொடர்ந்து சாப்பிட்ட யாருக்கும் இது வரும். மருந்தைக் குறைக்க வேண்டிய நிலை வந்தால் படிப்படியாகத்தான் குறைப்போம்.

அடிமையாதல் வேறு சங்கதி. இதே ஏற்பிகள் மூளையில் இன்பத்தோடும் நாட்டத்தோடும் தொடர்புடைய டோபமைன் பாதையையும் திறந்துவிடுகின்றன. சிலருக்கு வலி இல்லாதபோதும் மருந்தின் மேல் ஏக்கம் வருகிறது. சொன்னதற்கு மேல் ரகசியமாகச் சாப்பிடுவது, கெடுதல் என்று தெரிந்தும் விட முடியாமல் தவிப்பது, இவற்றைக் கண்டால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வலி தாங்காமல் கூடுதலாகக் கேட்பது அந்தக் கணக்கில் வராது.

என்னைக் கேட்டால் நீங்கள் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. இடையில் சில நாள் மாத்திரை நின்றுபோனால் உடல் மார்ஃபினைத் தாங்கும் பழக்கத்தை இழக்கத் தொடங்கிவிடும். அப்புறம் பழைய அளவையே கொடுத்தால் மூச்சு அடங்கிப்போகலாம். அப்படி இடைவெளி விழுந்தால் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். எழுப்பினாலும் எழாத தூக்கம், மிக மெதுவான மூச்சு, நீலம் பாரித்த உதடு என்றால் உடனே ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். மார்ஃபினின் விளைவை முறிக்க நலாக்சோன் என்ற மருந்து இருக்கிறது.