அத்தை மகனோடு கல்யாணம்: தலசீமியா சோதனை அவசியமா?

இருவருமே நன்றாகத்தானே இருக்கிறோம், எதற்குச் சோதனை என்று கேட்டிருக்கிறீர்கள். தலசீமியா என்பது ரத்தத்தில் ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோய்; அதில் சிக்கலே அதுதான். பழுதான மரபணு ஒன்றை மட்டும் சுமப்பவருக்கு லேசான ரத்தசோகைக்கு மேல் எதுவும் தெரியாது. வருஷக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் ஹீமோகுளோபின் ஏறாதவர்களில் சிலர் இந்த வகைதான். இருவருமே சுமந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு. முதல் குழந்தை தப்பியது என்பதால் அடுத்ததற்கு அது கூடாது, குறையாது. சொந்தத்தில் கட்டும்போது ஒரே தாத்தா பாட்டியின் பழுது இருவரிடமும் இருக்கலாம். அதனால் பார்த்துவிடுங்கள்.

முதலில் சாதாரண சிபிசி, அதாவது ரத்த அணுக்களை எண்ணும் சோதனை. ரிப்போர்ட்டில் எம்சிவி என்ற வரி, சிவப்பணுவின் பருமன். அது 80-க்குக் கீழே இருந்து, சிவப்பணு எண்ணிக்கை மட்டும் தாராளமாக இருந்தால் சந்தேகம். அப்புறம் ஹெச்பிஎல்சி, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ரத்தச் சோதனை. அதில் ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகை 3.5 சதவீதத்தைத் தாண்டினால் பெரும்பாலும் பீட்டா தலசீமியா என்ற வகையைச் சுமப்பவர். இரும்புச்சத்துக் குறைவு இந்த எண்ணைக் கீழே இழுத்துவிடும் என்பதால் அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஒருவருக்கு மட்டும் இருந்து, மற்றவர் ரிப்போர்ட் முழுக்கச் சரி என்றால் பத்திரிகை அடிக்கக் கொடுங்கள். இருவருக்கும் இருந்தால் மரபணு ஆலோசகரைப் பாருங்கள். கர்ப்பத்தின் 11-வது வாரம் வாக்கில் நஞ்சுக்கொடித் திசுவைத் துளி எடுத்து, குழந்தைக்கு நோய் இருக்கிறதா என்று சோதிக்கலாம்.