மார்பகக் குறைப்பு ஆபரேஷன்: பணம் கிடைக்காது என்று சொன்னது கம்பெனியா, கொழுந்தனாரா?

கேள்வி: எனக்கு வயது 41. காரைக்குடியில் வீட்டிலிருந்தே கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் செய்து கொடுக்கிறேன். கணவர் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறார். மார்பு மிகவும் கனமாக இருப்பதால் பத்து வருடமாகக் கழுத்து, தோள், முதுகு எல்லாம் வலி. உள்ளாடைப் பட்டை அழுந்தி இரண்டு தோளிலும் பள்ளம் விழுந்துவிட்டது. வெயில் காலத்தில் மார்புக்குக் கீழே புண் வந்துவிடும். பழைய வேட்டித் துணியை மடித்து வைத்துக்கொண்டுதான் அடுப்படியில் நிற்கிறேன். மதுரையில் ஒரு டாக்டர் மார்பகக் குறைப்பு ஆபரேஷன் செய்யச் சொன்னார். 2,30,000 ரூபாய் ஆகுமாம். 2018லிருந்து குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் மருத்துவ பாலிசி வைத்திருக்கிறோம். ஆனால் இது அழகுக்கான ஆபரேஷன், பணம் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். ஏஜென்டாக இருக்கும் என் கொழுந்தனார், "இந்த பாலிசியை விட்டுவிட்டு, வருடம் 1 லட்சம் கட்டும் புது யூலிப் (சந்தை முதலீடும் இன்சூரன்ஸும் சேர்ந்த திட்டம்) எடுங்கள். ஜி.எஸ்.டி. போய்விட்டதால் புது மருத்துவ பாலிசியும் மலிவு. இப்போதைக்கு நகையை வைத்து ஆபரேஷனை முடியுங்கள்" என்கிறார். அவரிடம் எடுத்த இரண்டு எண்டோமென்ட் (சேமிப்பும் ஆயுள் இன்சூரன்ஸும் சேர்ந்த) பாலிசிக்கு ஏற்கெனவே வருடம் 54,000 கட்டுகிறோம். அவர் வீடு கட்ட என் நகையை வைத்து 2 லட்சம் கொடுத்திருக்கிறோம், 11 சதவீத வட்டி. அமெரிக்காவில் இருக்கும் அத்தை மகள், அங்கே இதற்கு இன்சூரன்ஸ் உண்டு என்கிறாள். நகையை வைக்கட்டுமா?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: வைக்க வேண்டாம். பழைய பாலிசியையும் விட வேண்டாம்.

"சொல்லிவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் சொன்னார்கள்? கம்பெனியிலிருந்து உங்கள் பெயருக்குக் கடிதம் வந்ததா? நீங்கள் அனுப்பிய பாலிசி நகலின் முதல் பக்கத்தைப் பார்த்தேன். அதில் இருக்கும் கைபேசி எண்ணும், கடிதத்தின் கீழே நீங்கள் எழுதியிருக்கும் எண்ணும் வேறு வேறு. அது கொழுந்தனாரின் எண்ணாகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் கம்பெனி அனுப்பும் ஒவ்வொரு தகவலும் அவருக்குப் போய், அவர் வாய் வழியாக உங்கள் கணவருக்கு வந்து, கடைசியில் உங்களுக்கு வருகிறது. உடம்பு உங்களுடையது. அதைப் பற்றி இரண்டு ஆண்கள் பேசி முடிவு சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் சங்கடம் எனக்குப் புரிகிறது. கொழுந்தனாரிடம் போய் மார்பு வலியையும் புண்ணையும் பற்றி எந்தப் பெண்ணால் விளக்க முடியும்? கணவரும் "ஏதோ ஆபரேஷனாம்" என்று பட்டும் படாமலும் சொல்லியிருப்பார். காகிதத்தில் வலி என்ற வார்த்தையே இல்லாமல் "மார்பகக் குறைப்பு" என்று மட்டும் போனால், படிப்பவர் அதை அழகு சிகிச்சைக் கணக்கில்தான் போடுவார். குடும்பத்தின் பணக் காரியம் அத்தனையும் ஒரே உறவுக்காரர் கை வழியாகப் போவதுதான் உங்களைக் கெடுக்கிறது. அவர் நல்லவரா கெட்டவரா என்பது எனக்குத் தேவையில்லாத விஷயம். கணக்கை மட்டும் பார்ப்போம்.

எண்டோமென்டுக்கு வருடம் 54,000. அவருக்காக வைத்த நகைக்கு வட்டி, 2 லட்சத்துக்கு 11 சதவீதம் என்றால் 22,000. மொத்தம் 76,000. மூன்று வருடத்தில் 2,28,000. உங்கள் ஆபரேஷனுக்கு டாக்டர் சொன்ன தொகை 2,30,000.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கணவரிடம் காட்டுங்கள். இன்னொன்றும் சொல்லுங்கள். எண்டோமென்டில் முடிவில் கிடைப்பது தோராயமாக வருடத்துக்கு ஐந்து, ஐந்தரை சதவீதம். நகைக்கு நீங்கள் கட்டுவது பதினொன்று. பதினொன்று கொடுத்து ஐந்து வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். இதற்கு மேல் 2,30,000க்கு மறுபடி நகை வைத்தால் வட்டி இன்னும் 25,000. அசலைத் தொடாமல் வருடா வருடம் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கும் பழக்கம் நம் பக்கத்தில் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

இரண்டு எண்டோமென்ட் பாலிசிக்கும் இன்று சரண்டர் செய்தால் (பாலிசியை முடித்துப் பணத்தைத் திரும்ப வாங்கினால்) என்ன, பிரீமியத்தை நிறுத்தி பெய்ட்-அப் ஆக்கினால் (இதுவரை கட்டியதற்கு ஏற்ற குறைந்த தொகையோடு பாலிசியை விட்டுவைத்தால்) என்ன கிடைக்கும் என்று கம்பெனிக் கிளையில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பார்த்த பிறகு முடிவு செய்யலாம். பெரும்பாலும் பெய்ட்-அப்தான் சரியாக வரும். யூலிப்பைப் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை. வலிக்குச் செலவு செய்ய வேண்டிய நேரத்தில் ஐந்து வருடம் வெளியே எடுக்க முடியாத ஒன்றில் வருடம் 1 லட்சம் போடச் சொல்வது எந்தக் கணக்கிலும் சேராது. ஜி.எஸ்.டி.யும் அப்படித்தான். 2025 செப்டம்பர் 22லிருந்து தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிகளுக்கு வரி இல்லை என்பது உண்மை. அது பழைய பாலிசியைப் புதுப்பித்தாலும் உண்டு, புதிதாக எடுத்தாலும் உண்டு.

பழையதை விட்டுப் புதிது எடுத்தால் என்ன ஆகும்? ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும், அது 3 வருடம் வரை போகலாம். டாக்டர் ஆபரேஷன் சொன்னதையும் படிவத்தில் எழுதியே ஆக வேண்டும். மறைத்தால் பிற்பாடு அதையே காரணமாகக் காட்டுவார்கள். உங்கள் 2018 பாலிசி 60 மாதத்தைத் தாண்டிவிட்டது. இனி மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, முன்பே நோய் இருந்ததைச் சொல்லவில்லை என்று கம்பெனி கிளப்ப முடியாது. எதற்கெல்லாம் பணம் இல்லை என்று சொல்லும் விலக்கு விதிகள் அப்போதும் பொருந்தும், அது வேறு விஷயம். ஆனாலும் இந்தப் பலத்தைக் கையால் தூக்கிப் போடாதீர்கள்.

சரி, விதிக்கு வருவோம். 2019ல், இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., எல்லா கம்பெனிகளுக்கும் பொதுவாக விலக்குகளின் வாசகத்தை வகுத்தது. அதில் 8ஆம் எண், அழகு சிகிச்சையும் பிளாஸ்டிக் சர்ஜரியும். விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகு சீரமைக்கச் செய்தால் பணம் உண்டு. இன்னொரு வாசலும் இருக்கிறது: நேரடியான, உடனடியான உடல்நல ஆபத்தை நீக்க மருத்துவ ரீதியாகத் தேவை என்றால், சிகிச்சை அளிக்கும் டாக்டர் சான்று கொடுத்தால் உண்டு.

அந்த "உடனடியான" என்ற சொல்தான் அநியாயம். பத்து வருடமாக மெல்ல மெல்ல ஒடிக்கும் வலி எந்த நாளில் உடனடி ஆபத்தாகும்? முட்டி தேய்ந்து மாற்று ஆபரேஷனுக்குப் போகிறவரிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அவருக்கும் உயிர் போகிற ஆபத்து இல்லை, நடக்க முடியாத வலிதான். காத்திருப்புக் காலம் முடிந்திருந்தால் பணம் வருகிறது. உங்களுக்கு வலி இருக்கும் இடம் மார்பு என்பதால் அது தோற்றம் சம்பந்தப்பட்டது என்று முதலிலேயே முத்திரை குத்திவிட்டு, இல்லை என்று நிரூபிக்கும் பாரத்தையும் உங்கள் தோளிலேயே ஏற்றுகிறார்கள். தேன்குழல் பிழிகிறவர்களுக்குத் தெரியும், அச்சை நெஞ்சோடு அணைத்து இரண்டு தோளையும் கொடுத்து அழுத்தினால்தான் மாவு இறங்கும். ஒரு கல்யாண ஆர்டருக்கு அதை எத்தனை மணி நேரம் செய்வீர்கள்? அந்தத் தோளில்தான் பள்ளம்.

அத்தை மகள் சொன்னதும் பாதிதான் சரி. அமெரிக்காவில் புற்றுநோய்க்காக மார்பகத்தை எடுத்தவர்களுக்குச் சீரமைப்பு ஆபரேஷனும், அடுத்த மார்பகத்தை அதற்கு ஈடாக்கும் ஆபரேஷனும் கொடுத்தாக வேண்டும் என்று 1998லிருந்து சட்டம் இருக்கிறது. வெறும் வலி என்றால் அங்கும் போராட்டம்தான். 1991ல் ஷ்னூர் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் ஓர் அட்டவணை வெளியிட்டார். உடம்பின் பரப்பளவுக்கு ஏற்ப எத்தனை கிராம் எடுக்கிறார்கள் என்பதை வைத்து, வலிக்காகச் செய்வதையும் தோற்றத்துக்காகச் செய்வதையும் பிரிக்கப் பார்த்தது அது. கம்பெனிகள் அதைப் பிடித்துக்கொண்டன. சிலர் பக்கத்துக்கு 500 கிராம் என்று ஒரே கோடாகவும் போட்டார்கள். ஐந்தடி உயரப் பெண்ணுக்கும் ஆறடிப் பெண்ணுக்கும் ஒரே தராசு. நம் ஊரில் அப்படி கிராம் கணக்கு விதியில் இல்லை. டாக்டரின் சான்றுதான் எல்லாம். அதனால் அந்தச் சான்று எப்படி எழுதப்படுகிறது என்பதில்தான் உங்கள் 2,30,000 இருக்கிறது.

இந்த வாரமே பாலிசியில் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் உங்களுடையதாக மாற்றுங்கள். அப்புறம், எந்த விதிப்படி மறுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கம்பெனியிடம் ஆபரேஷனுக்கு முன் அனுமதி கேட்டே இருக்க மாட்டார்கள் என்று கூட எனக்குச் சந்தேகம். கேட்டு மறுத்திருந்தாலும் அது கேஷ்லெஸ்ஸுக்கு, அதாவது கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டுவதற்கு, மறுப்புதான். கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு பில்லைக் கொடுத்துப் பணம் கேட்கும் உரிமை அதனால் போய்விடாது.

காகிதங்களுக்கு மூன்று நான்கு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். எலும்பு டாக்டரிடம் கழுத்துக்கும் முதுகுக்கும் எக்ஸ்ரே எடுத்து, பிசியோதெரபி போய், அது தீர்க்கவில்லை என்றால் அதையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். தோல் டாக்டரிடம் புண் ஆறிய பிறகு போகாதீர்கள், புண் இருக்கும்போதே போங்கள். கூச்சமாக இருந்தால் பெண் டாக்டராகப் பார்த்துப் போகலாம். தோள் பள்ளத்தின் படம் மருத்துவக் கோப்பில் இருக்கட்டும். இத்தனை வருடம் மருந்துக் கடையில் வாங்கிய களிம்பு, இடுப்பு பெல்ட் எதற்கும் பில் வைத்திருக்க மாட்டீர்கள். இனி ஒன்றையும் விடாதீர்கள். கடைசியில் சர்ஜன் எழுதும் கடிதத்தில் வலி எத்தனை வருடம், என்னென்ன செய்தும் தீரவில்லை, உத்தேசமாக எத்தனை கிராம் எடுக்கப் போகிறார், இது தோற்றத்துக்காக அல்ல, உடல்நல ஆபத்தை நீக்க மருத்துவ ரீதியாகத் தேவை என்பதெல்லாம் வர வேண்டும். உண்மையை மட்டும் எழுதச் சொல்லுங்கள். உங்கள் உண்மையே போதுமான அளவுக்குக் கனமாக இருக்கிறது. உடல் எடையைக் காரணம் காட்டி மறுத்தால், அது உடல் பருமன் சிகிச்சைக்கான வேறு விதி, இது எடை குறைப்பு ஆபரேஷன் அல்ல என்று பதில் எழுதுங்கள்.

அதன் பிறகும் மறுத்தால் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் புகார்களைத் தீர்த்து வைக்கும் நடுவரிடம்) போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரையிலான தகராறுகளை எடுக்கிறார்கள். மறுப்பு வந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். வழி தெரியாவிட்டால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 155255 எண்ணில் கேளுங்கள். வெற்றி நிச்சயம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த "உடனடியான" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தோற்கடிக்கவும் செய்யலாம்.

அதனால் பணத்தையும் பக்கத்தில் சேர்க்க வேண்டும். கொழுந்தனாரிடம் அந்த 2 லட்சத்தைக் கேளுங்கள். மொத்தமாக முடியாது என்றால் மாதம் 10,000 வீதம் உங்கள் நகைக்கடன் கணக்கிலேயே நேராகக் கட்டச் சொல்லுங்கள். எண்டோமென்டை நிறுத்தினால் மிஞ்சும் 54,000 மாதம் 4,500 ஆகும். அதை உங்கள் பெயரில் ஆர்.டி.யில் போடுங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது. ஒரு நாள் ஒதுக்கி அங்கேயும் காட்டி வாருங்கள். அரசு ஆஸ்பத்திரியா என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள், பொருட்படுத்தாதீர்கள். தனியாரில்தான் என்று முடிவானால் அறை வாடகைக்கு உங்கள் பாலிசியில் உச்சவரம்பு உண்டா என்று பார்த்து, அதற்குள் அறை எடுங்கள். வரம்பைத் தாண்டினால் வாடகையோடு நிற்காது, டாக்டர் கட்டணம் போன்றவற்றிலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். ஆஸ்பத்திரிகளில் இப்போது நீட்டும் வட்டியில்லாத் தவணைத் திட்டத்தில் பிராசஸிங் கட்டணம் எவ்வளவு, மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி எவ்வளவு என்று கேட்டுவிட்டுக் கையெழுத்தைப் பற்றி யோசியுங்கள்.

கொழுந்தனாரிடம் சண்டை வேண்டாம். "தம்பி, டாக்டர் சீட்டெல்லாம் என் பெயரில் இருப்பதால் கம்பெனியில் நானே பேச வேண்டுமாம்" என்று கணவரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்த புதுப்பிப்புப் பணத்தை அவரிடம் கொடுக்காமல் நீங்களே நேராகக் கட்டுங்கள். மறுப்புக் கடிதம் எழுத்தில் வந்ததும் அதன் நகலை எனக்கு அனுப்பினால், குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டியதை நான் எழுதித் தருகிறேன்.