கட்டுகஸ்தோட்டையில் காணி வாங்காவிட்டால் என்ன?

கேள்வி: எனக்கு 28 வயது. பிறந்து வளர்ந்தது கட்டுகஸ்தோட்டையில். கண்டி டவுனில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. அடுத்த வருஷம் கல்யாணம். அவர் மாத்தளைப் பக்கம் ஒரு மாகாணப் பாடசாலையில் ஆசிரியர். இரண்டு பேர் சம்பளத்தையும் சேர்த்தாலும் எங்கள் ஊரில் ஆறு பேர்ச் காணி வாங்க வழியில்லை. டவுனுக்குக் கிட்ட வாடகை வீடும் கட்டுப்படியாகாது. இப்போது கொழும்பில் ஒரு கம்பெனி ஒன்றரை மடங்கு சம்பளம் தருவதாகச் சொல்கிறது. "தாத்தா தோட்டத்திலிருந்து இறங்கி வந்து பிடித்த இடம். அதை விட்டுப் போவியா? மேலே ஒரு மாடி போட்டுத் தருகிறேன், இரு" என்கிறார் அப்பா. கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் கொழும்பில், மீதிப் பேர் வெளிநாட்டில். நான் போவதா, இருப்பதா?
– வாசகி, கட்டுகஸ்தோட்டை

பதில்: தங்கச்சி, கணக்குப் பிரிவில் வேலை செய்கிற ஒருவர் எழுதிய கடிதம் மாதிரி இது இல்லை. கொழும்புச் சம்பளம் ஒன்றரை மடங்கு என்று எழுதியிருக்கிறீர்கள். கொழும்பு வாடகை எத்தனை மடங்கு என்று எழுதவில்லை. இப்போது அப்பா வீட்டில் இருக்கிறீர்கள், வாடகை இல்லை, இரவுச் சாப்பாடு அம்மா கையால். அங்கே போனால் வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ வத்தளையிலோ ஒரு அனெக்ஸ் பார்க்க வேண்டும். ஆறு மாதம், ஒரு வருஷம் என்று அட்வான்ஸ் கேட்கிற வீட்டுக்காரர்கள் அங்கே அபூர்வமில்லை. லைட் பில், தண்ணி பில் தனி. அந்த ஒன்றரை மடங்கில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு என்றும் கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், கம்பெனி பங்கு 12 வீதம். அதை அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் கட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொள்கிற இடங்கள் நிறைய இருக்கின்றன.

அதைவிடப் பெரிய விஷயம், உங்களைக் கட்டிக்கொள்ளப் போகிறவரைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். அவர் மத்திய மாகாணத்தின் ஆசிரியர். கொழும்பு இருக்கிற மேல் மாகாணத்துக்கு மாற்றம் வேண்டுமென்றால் இரண்டு மாகாணமும் சம்மதிக்க வேண்டும். இங்கே அவருக்குப் பதிலாக ஒருவர் வர வேண்டும். மலையகத் தமிழ்ப் பாடசாலைகளில் ஒரு கணித ஆசிரியரை, விஞ்ஞான ஆசிரியரை அதிபர்கள் எவ்வளவு லேசில் விடுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். அதனால் நீங்கள் கொழும்புக்குப் போவதென்றால், கல்யாணமான கையோடு இரண்டு வீடு நடத்தப் போகிறீர்கள் என்று அர்த்தம். அங்கே ஒரு வாடகை, இங்கே ஒரு வாடகை, வெள்ளிக்கிழமை பின்னேரம் கோட்டையில் கண்டி பஸ்ஸுக்கு வரிசை. ஒன்றரை மடங்கில் அந்த அரை எங்கே போயிற்று என்று மாதக் கடைசியில் தேடுவீர்கள்.

அப்போ ஊரிலேயே இரு என்கிறேனா? ஆமாம், இப்போதைக்கு இருங்கள். ஆனால் காணி வாங்கிக்கொண்டு இருங்கள் என்று சொல்லவில்லை. நீங்களும் அப்பாவும் மாட்டிக்கொண்டிருப்பது இந்த இடத்தில்தான். ஊரில் இருக்க வேண்டுமென்றால் ஊரில் ஆறு பேர்ச் நம் பெயரில் இருக்க வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும் என்று இரண்டு பேருமே முடிவு கட்டிவிட்டீர்கள். 28 வயதில் வாடகைக்கு இருப்பது யாருக்கும் வெட்கமில்லை. 2022 கடைசியில் வங்கி வட்டி 25 வீதத்தையும் தாண்டி நின்றபோது, மாறும் வட்டிக்கு வீட்டுக் கடன் எடுத்தவர்கள் பட்ட பாட்டைக் கணக்குப் பிரிவில் இருந்துகொண்டு பார்த்திருப்பீர்களே.

கண்டியைச் சுற்றிக் காணி விலை ஏன் இப்படி ஏறுகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், அப்போதுதான் உங்கள் மேலேயே உங்களுக்குக் கோபம் வராது. நாலு பக்கமும் மலை, நடுவில் மகாவலி. வீடு கட்டக்கூடிய சமதரை கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்குப் பேராதனைப் பல்கலைக்கழகம், பெரிய ஆஸ்பத்திரி, பெரஹெரா பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் போட்டி. இதற்கு மேல் முதலாம் வகுப்பு அனுமதி ஒன்று இருக்கிறது. பாடசாலைக்குப் பக்கத்தில் வீடு, காணி உறுதி, தேர்தல் இடாப்பில் ஐந்து வருஷம் பெயர் என்று புள்ளி போடுகிறார்கள். அதனால் பிள்ளை பிறக்கு முன்பே பெரிய பாடசாலைகளைச் சுற்றிக் காணி தேடுகிறவர்கள் உண்டு. 2022இல் மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலைக்காக வெளிநாடு போனார்கள். வெளிநாட்டிலிருந்து உங்கள் கூட்டாளிகள் அனுப்புகிற காசும் உங்கள் ஊர் பேர்ச் விலையில் இருக்கிறது. (வாட்ஸ்அப்பில் "இன்னும் அங்கேயா இருக்கிறாய்?" என்று கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.)

மாடி விஷயத்துக்கு வருவோம். அப்பா ஆசையாகச் சொல்கிறார், வேண்டாம் என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லிவிடாதீர்கள். ஆனால் கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன. அந்த வீட்டின் அத்திவாரம் ஒரு தட்டுக்குப் போட்டதா, இரண்டு தட்டுக்கா? பழைய வீடுகளில் பெரும்பாலும் ஒரு தட்டுக்குத்தான். பின்பக்கம் மலையை வெட்டிய மண்சரிவு இருந்தால் அதற்குத் தாங்குசுவர் உண்டா, அந்தச் சுவரில் தண்ணீர் வெளியேறத் துளை விட்டிருக்கிறார்களா? மழைக்காலத்தில் வீட்டுக்குப் பின்னால் போய் நின்று பாருங்கள். மண்ணில் புதிதாக வெடிப்பு, சாய்ந்து நிற்கிற மரம், முன்பு இல்லாத இடத்தில் ஊற்று, கலங்கி வருகிற தண்ணீர், திடீரென்று இறுகிப் பூட்டாமல் போகிற கதவு – இதில் ஒன்றைக் கண்டாலும் மாடிப் பேச்சை நிறுத்திவிடுங்கள். மலை மாவட்டங்களில் வீட்டுத் திட்டத்துக்கு அனுமதி எடுக்கப் போனால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையைக் கேட்பார்கள். அலைச்சல் என்று அதைத் தவிர்க்கப் பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலை இறங்கியதைப் பார்த்த பிறகுமா? "இன்னும் கொஞ்சம் மேலே போனால் பேர்ச் பாதி விலை" என்று புரோக்கர் சொன்னாலும் இதே கேள்விகள்தான். விலை ஏன் பாதி என்று அவர் சொல்ல மாட்டார்.

அப்பாவிடம் என்ன சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அவர்தான் இருக்கிறார். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக் காம்பரா, அந்த வரிசை வீட்டு அறை, தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் கூரையும் போகும். 1948இல் நம் மலையகத் தமிழ் ஆட்களின் பிரஜாவுரிமையையே பறித்தார்கள். 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேருக்கு இங்கே உரிமை என்று இரண்டு அரசாங்கமும் ஆட்களை எண்ணிப் பிரித்தன. அப்படிப்பட்ட காலத்தைக் கண்ட உங்கள் தாத்தா கையில் ஒரு காணி உறுதி வந்தால் அதை எப்படிப் பிடித்துக்கொள்வார்! அவர் மகனான உங்கள் அப்பா அதை விட்டுவிடச் சம்மதிக்க மாட்டார்தான். அதற்காக அவரோடு வாதாடாதீர்கள். ஆனால் தாத்தா பெருமையே இருந்த இடத்தை விட்டு இறங்கியதில்தானே இருக்கிறது? தோட்டத்தில் அன்று யாரோ அவரையும் "எங்களை விட்டுப் போறியா" என்று கேட்டிருப்பார்கள். என்றைக்காவது நீங்கள் போவதாக முடிவெடுத்தால், அப்பாவிடம் இதைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. இன்றைக்கு அந்த முடிவுக்கு அவசியம் வரவில்லை.

சரி, எங்கே இருப்பது? மாத்தளை ரோட்டில் இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். அக்குறணை, அலவத்துகொடை, இல்லாவிட்டால் வத்தேகம பக்கம். அவருக்குப் பாடசாலை கிட்ட, உங்களுக்குக் கண்டிக்கு பஸ். ரயிலை மட்டும் நம்பி வீடு பிடிக்காதீர்கள், புயலில் மலைநாட்டுப் பாதை பட்ட பாடு தெரியும்தானே. அலுவலக நேரத்தில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பஸ் நகராமல் நிற்பதையும் நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாடகையில் மிச்சமாவது அந்த நேரத்துக்கு ஈடாகுமா என்று பாருங்கள். இரண்டு வருஷம் வாடகைக்கு இருந்து, மாடிக்கு அப்பா போட இருந்த காசை அவர் பெயரிலேயே நிலையான வைப்பில் வைக்கச் சொல்லுங்கள்.

கொழும்புக் கம்பெனிக்கு இன்னும் பதில் அனுப்பாமல் இருந்தால், ஒரு கேள்வி கேட்டுவிட்டு அனுப்புங்கள்: கணக்கு வேலைதானே, வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து செய்யலாமா? சரி என்றால் நான் மேலே எழுதியதில் பாதியை அடித்துவிட்டுக் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.