கிணற்றில் கிடைத்த நீலக்கல் அக்வாமரைன்தானா? ஒட்டியிருக்கும் பாறையிலிருந்து பெயர்த்து எடுக்கலாமா?

தயவுசெய்து பெயர்க்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

காங்கயம் பக்கம் தோட்டத்துக் கிணற்றை ஆழப்படுத்தியபோது, வெங்கச்சங்கல்லில் (குவார்ட்ஸ்) ஒட்டியபடி விரல் நீளத்துக்கு ஒரு வெளிர்நீலக் கல் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வட்டாரத்தில் இது நடக்கக்கூடியதுதான். திருப்பூர் போகும் வழியில் இருக்கும் படியூரில் 1819, 1820 வாக்கில் இந்தக் கல்லுக்காகவே சுரங்கம் நடந்திருக்கிறது. அதற்கும் வெகுகாலம் முன்பே நொய்யல் கரையில் கொடுமணலில் இதே இனத்துக் கல்லை மணியாக்கியிருக்கிறார்கள். அகழாய்வில் மணி செய்யும் பட்டறைகளே வெளிப்பட்டன.

அக்வாமரைன் என்பது பெரில் என்ற கனிமத்தின் நீல வகை. மரகதமும் பெரில்தான். மரகதத்துக்குப் பச்சை தருவது குரோமியமும் வனேடியமும். இதற்கு நீலம் தருவது இரும்பு. பெரில் படிகத்துக்கு ஆறு பட்டை இருக்கும், தலை பெரும்பாலும் தட்டையாக முடியும், சீவாத பென்சில் மாதிரி. வெங்கச்சங்கல் படிகத்துக்கும் ஆறு பட்டைதான், ஆனால் அது சீவிய பென்சில், முனை கூராக இருக்கும். பக்கங்களைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். வெங்கச்சங்கல்லில் மெல்லிய கோடுகள் குறுக்கே ஓடும். பெரிலில் கோடு இருந்தால் நெடுக்காக ஓடும். அபடைட் என்றொரு கல்லும் இதே ஆறு பட்டையோடு நீலமாக வந்து ஏமாற்றும். அதைக் கத்தி முனை கீறிவிடும், பெரிலைக் கீறாது. கீறிப் பார்ப்பதாக இருந்தால் ஏற்கெனவே உடைந்த ஓரத்தில் மட்டும் செய்யுங்கள்.

இனி கூட இருக்கும் கற்களுக்கு வருகிறேன். பூமிக்கடியில் பாறைக்குழம்பு ஆறும்போது ஃபெல்ஸ்பார் என்ற கனிமமும் வெங்கச்சங்கல்லும் காக்காப்பொன்னும் (மைக்கா) படிகமாகிக்கொண்டே போகும். பெரிலில் இருக்கும் பெரிலியம் என்ற தனிமத்தின் அணு மிகச் சிறியது, அந்தக் கனிமங்களின் கட்டமைப்பில் சரியாகப் பொருந்தாது. அதனால் மிஞ்சுகிற நீர் நிறைந்த குழம்பிலேயே அது சேர்ந்துகொண்டு போய், கடைசியில் பெக்மடைட் என்ற பெரும்படிகப் பாறையில் பெரிலாக உறைகிறது. போரானும் இப்படித்தான் ஒதுங்கும். அதனால்தான் போரான் கலந்த கருப்பு டூர்மலின் என்ற கனிமம் பல இடங்களில் கூடவே இருக்கிறது. உங்கள் நீலக்கல்லின் அடியில் இருப்பதெல்லாம் அது பிறந்த கதை. அதை உடைத்தால் கையில் மிஞ்சுவது நீலக்கல் மட்டும்தான்.

இதை நான் அனுபவத்தில் கற்றேன். வெள்ளகோவில் பக்கம் எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) தோட்டத்தில் கிணற்று மண்ணோடு ஒரு கல் மேலே வந்தது. சதைநிற ஃபெல்ஸ்பார் கட்டியில், காக்காப்பொன் ஏடுகளுக்கு நடுவே, சுண்டுவிரல் பருமனில் நீலப் படிகம். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நீலத்தை மட்டும் எடுக்க வேண்டுமென்று சுத்தியால் தட்டினேன். படிகம் மூன்று துண்டாகப் போனது. கட்டியை வேலியோரம் வீசிவிட்டேன். அப்புச்சி ஒன்றும் சொல்லவில்லை, துண்டுகளைப் பொறுக்கித் தன் துண்டில் முடிந்து கொடுத்தார். அவை இன்னும் என்னிடம் இருக்கின்றன. அந்தக் கட்டியைப் பல வருடம் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை.

உலகச் சந்தையிலும் சேகரிப்பவர்கள் தாய்ப்பாறையோடுதான் விரும்பி வாங்குகிறார்கள். பாகிஸ்தானின் நகர் பகுதிக் கல் வெள்ளி மாதிரி மின்னும் மஸ்கோவைட் என்ற காக்காப்பொன் மெத்தைமேல் நிற்கும். நமீபியாவின் எரோங்கோ மலைக் கல்லோடு கன்னங்கரேல் என்று டூர்மலின் வரும். அமெரிக்காவில் கொலராடோவின் ஆன்டீரோ மலையில் ஃபெனகைட், பெர்ட்ரண்டைட் என்ற வேறு பெரிலியம் கனிமங்களே துணைக்கு இருக்கும். பழகிய கண், சுற்றியிருப்பதைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடும்.

இந்த விருப்பத்தால் மோசடியும் உண்டு. ஒரு வியாபாரியிடம் நானே வாங்கி ஏமாந்தேன்: நல்ல படிகத்தை வேறொரு பாறையில் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். புற ஊதா விளக்கில் வைத்தபோது படிகத்தின் அடியைச் சுற்றி வெளிறிய நீலத்தில் ஒரு வளையம் ஒளிர்ந்தது. பல பசைகள் அப்படி ஒளிரும். வாங்கும் முன் இருட்டில் விளக்கடித்துப் பாருங்கள்.

உங்கள் கல்லை வெறும் தண்ணீரில் ஊறவைத்து மென்மையான பிரஷால் கழுவினால் போதும். காக்காப்பொன்னை அழுத்தித் தேய்த்தால் ஏடு ஏடாக உரிந்துவிடும். ஆசிட் வேண்டாம். பச்சை கலந்திருந்தால் சூடேற்றி நீலமாக்கித் தருகிறோம் என்று யாராவது வருவார்கள். பட்டை தீட்டிய கல்லுக்குச் சுமார் 400 டிகிரியில் அப்படிச் செய்வது வழக்கம்தான். பாறையோடு இருக்கும் படிகத்துக்குக் கூடாது, விரிசல் விழுந்துவிடும். யார் சொன்னாலும் வீட்டில் அரைத்துத் தீட்டாதீர்கள், பெரில் தூசி நுரையீரலுக்கு ஆபத்து.

எந்தக் கிணறு, எத்தனை அடி ஆழம், எந்தத் தேதி என்று ஒரு சீட்டில் எழுதிக் கல்லோடு வையுங்கள். அடிப்பக்கத்தையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். கருப்புக் கம்பி மாதிரி ஏதாவது தெரிந்தால் அது டூர்மலினாக இருக்கலாம், பார்த்துச் சொல்கிறேன்.